கன்சீலர் போட்டால் ஏன் சாம்பல் பூக்கிறது? எதை வாங்கலாம், எப்படிப் போடலாம்?

கேள்வி இதுதான்: கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னத்தில் ஒன்றிரண்டு பரு, பழைய பரு விட்டுப்போன கரும்புள்ளிகள். இவற்றை மறைக்கும் பூச்சான கன்சீலரைப் போட்டால் கண்ணுக்குக் கீழே சாம்பல் பூத்தது போல் ஆகிறது. கொஞ்ச நேரத்தில் கோடு கோடாக விரிகிறது. பருவோ முன்பைவிட எடுப்பாகத் தெரிகிறது. எந்தக் கன்சீலர் வாங்கினால் இதெல்லாம் சரியாகும்?

ஒரு பிராண்ட் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம், ஆனால் அதனால் பயன் இருக்காது. நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைக்கும் காரணம் வேறு வேறு. அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் மறைக்கப் போவது என்ன என்று பாருங்கள். தோலின் நிறம் மாறியிருக்கிறதா, பள்ளத்தால் நிழல் விழுகிறதா, தோல் மேடாகப் புடைத்திருக்கிறதா? நிறத்தைக் கன்சீலர் நன்றாக மறைக்கும். நிழலை ஓரளவு சமாளிக்கும். மேட்டை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கன்சீலரைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை, நிழலுக்கும் மேட்டுக்கும் நிற வைத்தியம் பார்ப்பதால் வருபவை.

கருவளையத்தில் ஆரம்பிக்கலாம். மேக்கப் எதுவும் இல்லாமல், பகல் வெளிச்சம் வரும் ஜன்னலுக்கு எதிரே கண்ணாடியோடு நில்லுங்கள். கண்ணுக்குக் கீழே உள்ள தோலை விரலால் மெல்லப் பக்கவாட்டில் இழுங்கள். பழுப்பு நிறம் அப்படியே இருந்தால் அது தோலிலேயே படிந்த நிறமி. இழுக்கும்போது நீலமோ ஊதாவோ இன்னும் தெளிவாகத் தெரிந்தால், மெல்லிய தோலுக்கு அடியில் இருக்கும் இரத்தக் குழாய்கள்தான் காரணம். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண்ணிமையைச் சுற்றித்தான் இருக்கிறது, அதனால் அடியில் இருப்பது எளிதில் வெளியே தெரியும். அப்புறம், முகத்தை வெளிச்சத்தை நோக்கி நன்றாக நிமிர்த்துங்கள். கருமை சட்டென்று குறைந்தால் அது பள்ளத்தின் நிழல். பலருக்கு இவற்றில் இரண்டு சேர்ந்தே இருக்கும். எது அதிகம் என்று தெரிந்தால் போதும்.

இப்போது சாம்பலுக்கு வருவோம். கன்சீலரில் நிறம் தருபவை பெரும்பாலும் இரண்டு வகைத் தாதுப்பொடிகள். ஒன்று டைட்டானியம் டை ஆக்சைடு, அது வெள்ளை. மற்றது இரும்பு ஆக்சைடுகள்: மஞ்சள், சிவப்பு, கறுப்பு. ஷேட் வெளுக்க வெளுக்க அதில் வெள்ளையின் பங்கு கூடும். கருமையான பரப்பின்மேல் வெள்ளை கலந்த மெல்லிய படலம் ஒன்று விழுந்தால், அது நம் கண்ணுக்கு நீலம் ஓடிய சாம்பலாகத்தான் தெரியும். ஓவியம் தீட்டுபவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். அடியில் ஏற்கெனவே நீலமோ ஊதாவோ இருந்தால் கேட்கவே வேண்டாம். கருமையை மறைக்க வெளிர் ஷேட் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த வெளிர் ஷேட்தான் சாம்பலைக் கொண்டுவருகிறது. சாம்பல் தெரிந்ததும் இன்னொரு அடுக்கு, அதன்மேல் இன்னொன்று என்று பூசினால், தடித்துப்போய் கோடு விடுகிறது.

இதற்குத் தீர்வு கரெக்டர், அதாவது கன்சீலருக்கு அடியில் போடும் நிறம் தணிக்கும் பூச்சு. நிறச் சக்கரத்தில் எதிரெதிரே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று அடக்கும். நீலத்துக்கு ஆரஞ்சு, ஊதாவுக்கு மஞ்சள், சிவப்புக்குப் பச்சை. கண்ணுக்குக் கீழே இருக்கும் நீலத்தை முதலில் ஆரஞ்சு வகை நிறத்தால் தணித்துவிட்டால், அதன்மேல் போடும் கன்சீலர் மிகக் குறைவாகவே போதும். ஆனால் எந்த அளவு ஆரஞ்சு என்பது உங்கள் தோலைப் பொறுத்தது. வெளிர் தோலுக்கு இளஞ்சிவப்பு கலந்த பீச் போதும். மாநிறத்துக்குப் பீச் முதல் வெளிர் ஆரஞ்சு வரை. கறுத்த தோலுக்கு அடர் ஆரஞ்சு, சில சமயம் செங்கல் நிறம்கூடத் தேவைப்படும். வெளிர் தோலில் அடர் ஆரஞ்சைப் போட்டால் அதை மறைக்க இன்னொரு கன்சீலர் வேண்டியிருக்கும். கறுத்த தோலில் வெளிர் பீச்சைப் போட்டால் மறுபடியும் அதே சாம்பல். நீலம் கொஞ்சமும் இல்லாமல் வெறும் பழுப்பாக இருப்பவர்கள் பீச்சை மிக மெல்லியதாகப் போட்டுப் பார்க்கலாம். சிலருக்குக் கரெக்டரே தேவைப்படாது, தோல் நிறத்திலேயே கொஞ்சம் அடர்த்தியான கன்சீலர் போதும்.

கரெக்டரின் அளவு முக்கியம். ஒரு கண்ணுக்கு அரை அரிசி அளவுக்கு மேல் வேண்டாம். கருமை இருக்கும் இடத்தில் மட்டும் ஒற்றுங்கள், கன்னம்வரை இழுக்க வேண்டாம். போட்டு முடித்த பிறகு அந்த இடம் ஆரஞ்சாகத் தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். கருமையும் தெரியாமல் ஆரஞ்சும் தெரியாமல் மங்கலான தோல் போல இருக்க வேண்டும். ஆறேழு வண்ணம் அடுக்கிய கரெக்டர் பெட்டி பார்க்க அழகாக இருக்கும். அதில் உங்களுக்குப் பயன்படப் போவது ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. தனி டியூப் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

அடுத்து ஷேட். பருவுக்கும் புள்ளிக்கும் போடும் கன்சீலர், சுற்றியுள்ள தோலின் நிறத்திலேயே இருக்க வேண்டும். முகம் முழுக்கப் பூசும் ஃபவுண்டேஷன் போடுபவராக இருந்தால் அதன் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். கண்ணுக்குக் கீழே அதே நிறமோ அரை ஷேட் வெளிர்ந்ததோ போதும், ஒரு ஷேட் என்பது எல்லை. இரண்டு மூன்று ஷேட் வெளிர்ந்ததைப் போட்டுக் காட்டும் வீடியோக்கள் ஏராளம். அவை பலமான விளக்குகளுக்கு நடுவே எடுக்கப்பட்டவை. அதே முகம் சாதாரண வெளிச்சத்தில் எதிரே வந்து நின்றால், கண்ணைச் சுற்றி வெள்ளைக் கண்ணாடி மாட்டியது போல் இருக்கும்.

ஷேட்டைப் புறங்கையிலோ மணிக்கட்டிலோ போட்டுப் பார்ப்பது வீண் வேலை. கையின் நிறமும் முகத்தின் நிறமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தாடையோரத்தில், கழுத்தும் பார்வையில் படும்படி, பக்கத்துப் பக்கத்து ஷேட்களில் மூன்றை மெல்லிய கோடாக இழுத்துப் பாருங்கள். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. இதைக் கடை விளக்கில் முடிவு செய்ய வேண்டாம், வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்கவும் வேண்டும். கன்சீலரில் இருக்கும் எளிதில் ஆவியாகும் திரவங்கள் போய், தோலின் எண்ணெயோடு அது கலந்ததும் நிறம் கொஞ்சம் இருண்டுபோவதுண்டு. எண்ணெய்ப் பசை உள்ளவர்களுக்கு இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

அண்டர்டோன் என்று ஒன்று சொல்வார்கள். ஒரே அளவு நிறமுள்ள இருவரில் ஒருவர் தோலில் மஞ்சள் ஓடும், இன்னொருவர் தோலில் சிவப்பு ஓடும், சிலருக்கு லேசாகப் பச்சைகூட ஓடும். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து இதைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். மாநிறத்துக்கும் அதைவிடக் கறுத்த தோலுக்கும் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. நான் மூன்று கோடு முறையைத்தான் நம்புகிறேன். டியூப்பில் போட்டிருக்கும் எழுத்துகளையும் அப்படியே நம்ப வேண்டாம், எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. சி என்றால் குளிர்ந்த நிறம் (சிவப்பு ஓடுவது), டபிள்யூ என்றால் வெதுவெதுப்பான நிறம் (மஞ்சள் ஓடுவது) என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. மேக் என்ற மேக்கப் நிறுவனத்திலோ இது தலைகீழ்: என்.சி. வரிசை மஞ்சள் ஓடும் தோலுக்கு, என்.டபிள்யூ. வரிசை சிவப்பு ஓடும் தோலுக்கு. ஒரு பிராண்டின் எண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு பிராண்டில் வாங்கி ஏமாறுபவர்கள் நிறையப் பேர். இரண்டு ஷேட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், பருவுக்குக் கொஞ்சம் அடர்ந்ததையே எடுங்கள். அடர்ந்த நிறம் ஓரளவு தப்பிக்கும், வெளுத்தது காட்டிக்கொடுத்துவிடும்.

வகையைப் பொறுத்தவரை, கண்ணுக்குக் கீழே திரவக் கன்சீலர். தோல் அசையும்போது அதுவும் கூடவே அசையும். புள்ளிகளுக்குச் சின்ன டப்பாவில் வரும் கெட்டி கிரீம் அல்லது ஸ்டிக். இந்தக் கெட்டி வகைக்கு ஒரு பழைய கதை உண்டு. முகத்தில் பிறவியிலேயே பெரிய சிவப்பு மச்சம் இருந்த லிடியா ஓலியரி என்ற அமெரிக்கப் பெண், அதை மறைப்பதற்காகவே கவர்மார்க் என்ற பூச்சை உருவாக்கி, 1932-ல் காப்புரிமையும் பெற்றார். மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனத்தின் இரேஸ் ஸ்டிக் 1954-ல் வந்தது. அந்த மாதிரிக் கெட்டிப் பூச்சுகள் மச்சம், டாட்டூ, தீக்காயத் தழும்பு போன்றவற்றுக்கு இன்றும் நல்ல தேர்வுதான். அவற்றைக் கண்ணுக்குக் கீழே போட்டால் அரை நாளுக்குள் வறண்ட குளம் மாதிரி வெடித்துவிடும்.

நீண்ட நேரம் நிற்கும் மேட் (மினுக்கம் இல்லாத) திரவ வகைகளில், ஆவியாகும் திரவம் போன பிறகு ஒரு படலம் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. பருவின்மேல் அது வரம். வறண்ட கண்ணோரத்தில் அதுவே தொல்லை. மினுமினுப்புள்ள கன்சீலர் நிழல் வகைக் கருவளையத்துக்கு நன்றாக உதவும், பள்ளத்தில் கொஞ்சம் வெளிச்சம் சேர்ப்பது போல. ஆனால் கண்ணுக்குக் கீழே பை போல வீங்கியிருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். புடைத்த இடத்தின்மேல் மினுக்கமோ வெளிர் நிறமோ பட்டால் புடைப்பு இன்னும் முன்னால் வரும். வீக்கத்துக்குக் கீழே கோடாக நிழல் விழும் இடம் ஒன்று இருக்கும். வெளிர் கன்சீலரை மெல்லிய பிரஷ்ஷால் அந்தக் கோட்டில் மட்டும் வையுங்கள். வீக்கத்தின் மேல் தோல் நிறமே இருக்கட்டும்.

ஒரே ஒரு கன்சீலர்தான் வாங்க முடியும் என்றால், உங்கள் தோல் நிறத்திலேயே, மினுக்கம் இல்லாத, நடுத்தர அடர்த்தித் திரவம். கூடவே ஒரு பீச் அல்லது ஆரஞ்சு கரெக்டர், கூர்முனை உள்ள ஒரு சின்ன பிரஷ். நீங்கள் சொன்ன பிரச்சினைகளுக்கு இது போதும்.

போடும் முறைக்கு வருவோம். முதலில் மாய்ஸ்ச்சரைசர் மெல்லியதாக, பிறகு சன்ஸ்கிரீன். இரண்டும் தோலில் இறங்கச் சில நிமிடம் விடுங்கள். மேலே மிதக்கும் பிசுபிசுப்பை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிடுங்கள். கன்சீலர் வழுக்கிக்கொண்டு மடிப்புக்குள் போய்ச் சேர்வதற்கு, பல நேரம் அடியில் இருக்கும் கொழுத்த ஐ கிரீம்தான் காரணம். போடும்போது துணுக்குத் துணுக்காக உருண்டு வந்தால், அடியில் இருப்பதும் மேலே போடுவதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நீர் சார்ந்தது ஒன்று, சிலிக்கோன் சார்ந்தது ஒன்று என்று இருந்தால் இப்படி ஆகலாம். இன்னும் கொஞ்சம் காத்திருந்து பாருங்கள். அப்போதும் உருண்டால் இரண்டில் ஒன்றை மாற்றுங்கள்.

கரெக்டர், ஃபவுண்டேஷன், கன்சீலர் என்ற வரிசையையே நான் பரிந்துரைப்பேன். ஃபவுண்டேஷன் முடிந்ததும் பார்த்தால் பாதிக் குறை மறைந்திருக்கும், கன்சீலரின் அளவு தானாகக் குறையும். ஃபவுண்டேஷன் போடும் பழக்கம் இல்லையென்றால் கரெக்டரும் கன்சீலரும் மட்டுமே போதும், ஓரங்களைக் கொஞ்சம் அதிகமாகக் கரைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எந்த வரிசையானாலும் பவுடர் கடைசியில்தான். பவுடருக்குமேல் திரவக் கன்சீலரைப் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கும்.

கண்ணுக்குக் கீழே பெரிய முக்கோணமாக வரைந்து நிரப்ப வேண்டியதில்லை. கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டிய பள்ளத்தில்தான் கருமை அதிகம் இருக்கும், அங்கே ஒரு புள்ளி. நிழல் கோட்டின்மேல் ஒன்றிரண்டு. வெளிமூலையில் மேல்நோக்கி ஒரு சின்னப் புள்ளி. இமை மயிரை ஒட்டிய தோல் வரை கொண்டுபோகாதீர்கள், அங்கேதான் மடிப்பு அதிகம். புள்ளி வைத்ததும் அரை நிமிடம் சும்மா விடுங்கள். திரவம் கொஞ்சம் இறுகும், அப்போது குறைந்த அளவே நன்றாக மறைக்கும். பிறகு மோதிர விரலால் தட்டுங்கள். அந்த விரலில் அழுத்தம் குறைவு, விரலின் சூட்டில் கிரீம் இளகித் தோலோடு சேரும். தேய்க்கவே கூடாது, தேய்த்தால் அடியில் இருக்கும் கரெக்டரும் சேர்ந்து நகர்ந்துவிடும். அதிகமாகிவிட்டது என்று தோன்றினால் ஈரமாக்கி நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள், மிச்சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

கோடு விழுவதைப் பற்றி ஒரு உண்மை. முகம் அசையும் வரை ஏதோ ஒரு அளவில் கோடு விழத்தான் செய்யும். அதை முழுக்க நிறுத்தும் கன்சீலர் இருப்பதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். குறைக்க வழி உண்டு. தட்டி முடித்ததும் மேலே பாருங்கள், மடிப்பில் சேர்ந்திருப்பதைச் சுத்தமான விரலால் ஒற்றிச் சமமாக்குங்கள். கண்ணை இறக்குவதற்கு முன், அதே நொடியில், மிக நுண்ணிய பவுடரைச் சின்ன பஃப்பில் எடுத்து, உதறிவிட்டு, அழுத்தி எடுங்கள். கோடு விழுந்த பிறகு பவுடர் போட்டால் அந்தக் கோடு அப்படியே நிலைத்துவிடும். பவுடரைக் குவித்துப் பத்து நிமிடம் ஊறவைக்கும் பேக்கிங் முறை மேடைக்கும் நீண்ட படப்பிடிப்புக்கும் சரி. தினசரி முகத்துக்கு, அதுவும் வறண்ட தோலுக்கு, அது வயதைக் கூட்டிக் காட்டும். சிலிக்கா அதிகமுள்ள நிறமில்லாத பவுடர்கள் இன்னொரு வம்பையும் கொண்டுவரும்: கேமரா ஃபிளாஷில் கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு. போட்டோ எடுக்கும் நிகழ்ச்சிக்குப் போவதென்றால் கிளம்பும் முன் ஃபிளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுத்துப் பார்த்துவிடுங்கள். பகலில் நடுவே கோடு தெரிந்தால் மேலும் பவுடர் அடிக்க வேண்டாம், விரலால் ஒற்றிச் சரிசெய்தால் போதும்.

பருவுக்கு முறை வேறு. பருவில் இரண்டு விஷயம் இருக்கிறது: சிவப்பு, புடைப்பு. சிவப்பை மறைக்கலாம். புடைப்பின்மேல் வெளிர் நிறம் வைத்தால் அது விளக்குப் போட்ட மாதிரி எடுப்பாகிவிடும், உங்களுக்கு நடந்துகொண்டிருப்பது இதுதான். கண்ணுக்கு வாங்கிய வெளிர் ஷேட்டையே பருவுக்கும் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தோலின் நிறத்திலேயே, மேட் வகையை எடுங்கள். பிரஷ் நுனியால் சிவப்பின்மேல் ஒரு புள்ளி, சிவப்பைத் தாண்டி ஒரு மயிரிழை அகலம். ஒரு நிமிடம் காயட்டும். பிறகு நடுவைத் தொடாமல் ஓரத்தை மட்டும் சுத்தமான பிரஷ்ஷால் கரையுங்கள். நடுவைத் தட்டினால் போட்டதெல்லாம் பிரஷ்ஷோடு வந்துவிடும். போதவில்லையென்றால் இன்னொரு மெல்லிய அடுக்கு, பிறகு பவுடரை ஒற்றுங்கள். பச்சை கரெக்டர் வெளிர் தோலில் கடுஞ்சிவப்புக்கு உதவும், மிக மிக மெல்லியதாக. கறுத்த தோலில் பச்சை சாம்பலாக மாறும், அங்கே அதைத் தவிர்ப்பதே நல்லது. பரு காய்ந்து செதில் விட்டிருந்தால் முதலில் துளி மாய்ஸ்ச்சரைசரை ஊறவைத்து, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள். உடைந்து ஈரமாக இருக்கும் பருவின்மேல் எதுவும் நிற்காது, போடவும் வேண்டாம்.

பரு போன பிறகு மிஞ்சும் தட்டையான கரும்புள்ளி எல்லாவற்றிலும் எளியது. துளி பீச், அதன்மேல் தோல் நிறக் கன்சீலர், முடிந்தது. குழி விழுந்த தழும்பு அப்படியல்ல. அது நிழல், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது தெரியத்தான் செய்யும். குழியை நிரப்பப் பார்த்தால் கன்சீலர் உள்ளே தேங்கிப் புள்ளியாகத் தெரியும். மெல்லிய மேட் பூச்சோடு விட்டுவிடுங்கள்.

மங்கு (முகத்தில் படரும் பழுப்புத் திட்டு) உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. புற ஊதாக் கதிர் மட்டும் மங்கைக் கூட்டுவதில்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கூட்டுகிறது, குறிப்பாகக் கறுத்த தோலில். கன்சீலரில் நிறம் தரும் அதே இரும்பு ஆக்சைடுகள் அந்த வெளிச்சத்தைத் தடுக்க உதவும். அதனால்தான் தோல் மருத்துவர்கள் மங்குக்கு நிறமுள்ள சன்ஸ்கிரீனைச் சொல்கிறார்கள். அதை அடியில் பூசினால் மறைப்பும் பாதி முடிந்துவிடும். கன்சீலரை மட்டும் நம்பி சன்ஸ்கிரீனை விட்டுவிடக் கூடாது, நாம் போடும் மெல்லிய அளவு பாதுகாப்புக்குப் போதாது.

சுத்தம் பற்றி. டியூப்பில் இருக்கும் குச்சியை நேராகப் பருவின்மேல் வைத்துவிட்டு மறுபடி உள்ளே செருகாதீர்கள். கைமேல் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பிரஷ்ஷால் தொட்டுப் போடுங்கள். பிரஷ்ஷையும் ஸ்பாஞ்சையும் சோப்பு போட்டுக் கழுவி முழுக்கக் காயவைக்க வேண்டும். ஸ்பாஞ்ச் ஈரத்தோடு பைக்குள் போனால் பூஞ்சை பிடிக்கும். டியூப்பின் பின்னால் திறந்த டப்பா படமும் அதற்குள் ஒரு எண்ணும் இருக்கும், திறந்த பிறகு எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பது அது. அதற்கு முன்பே வாடை மாறினாலோ எண்ணெய் பிரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். கண்ணில் தொற்று வந்தால் அப்போது பயன்படுத்திய டியூப்பையும் தூக்கி எறிந்துவிடுங்கள். பருவை உண்டாக்காது என்று பொருள்படும் நான் காமெடோஜெனிக் முத்திரைக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரே சோதனை கிடையாது. அதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதை முகத்தில் போடும் முன் முழங்கை மடிப்பில் சில நாள் தொடர்ந்து பூசிப் பாருங்கள், கண்ணிமைத் தோல் எளிதில் அரிப்புக்கு ஆளாகும்.

இரவில் கலைப்பதிலும் கவனம் வேண்டும். எண்ணெய் வகை க்ளென்சரைப் பஞ்சில் எடுத்து, மூடிய கண்ணின்மேல் சில நொடி வைத்திருந்து, பிறகு வழித்தெடுங்கள். பரபரவென்று தேய்த்தால் அந்தத் தேய்ப்பே நாளடைவில் பழுப்புக் கருவளையத்தைக் கூட்டும். அலர்ஜியால் அடிக்கடி கண்ணைக் கசக்குபவர்களுக்கும் இதே கதைதான், அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த அலர்ஜியை. ஒரு கண்ணுக்குக் கீழே மட்டும் திடீரென்று கருத்தாலோ வீங்கினாலோ மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.